பத்துப் புளியங்கொட்டையும் ஒரு சிவப்புக் கோடும்

பள்ளிக்கூடத்து மேசையில பத்துப் புளியங்கொட்டை. நானும் எண்ணிப் பாத்தனான், பத்துத்தான். வாத்தியார் ஒரு தகரப் பேணியிலயிருந்து கொட்டி, விரலால வரிசையா ஒதுக்கி வைச்சார்.

"எத்தினை எண்டு சொல்லு பாப்பம்."

ராசமணிக்கு அப்ப நாலரை வயசு. என்ர அக்காவின்ர மகள். மேசை அவளின்ர மூக்கு மட்டத்துக்கு நிண்டது. குதிக்காலைத் தூக்கி எட்டிப் பாத்தாள். கையை நீட்டி முதலாவது கொட்டையை எடுத்து, மேசை மூலையில தனிய வைச்சாள். மற்றதுகளை ஒவ்வொண்டாத் தொட்டாள். வாய் அசையேல்லை, விரல் மட்டும் போச்சு.

"ஒம்பது," எண்டாள்.

நான் சிரிச்சுப்போட்டன். ஏன் ஒம்பது எண்டு எனக்கு உடனேயே விளங்கினது, அதால வந்த சிரிப்பு.

வாத்தியார் நிமிந்து பாத்தார். "என்ன சிரிப்பு? ஏன் ஒண்டைத் தள்ளி வைச்சது?"

அப்ப நான் ஒழுங்கா ரெண்டு வசனம் சொல்லியிருந்தால் இந்தக் கிழமை எழுத எனக்கு ஒண்டும் இருந்திராது. ஆனால் என்ர வாய் எப்பிடிப்பட்டது எண்டு இந்தத் தொடரை வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியும்.

"அது உங்கட பங்கு, வாத்தியார்," எண்டன்.

வாங்கில குந்தியிருந்து காத்துக்கொண்டிருந்த தாய்மார் ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சினம். வாத்தியாற்ற காது ரெண்டும் சிவந்துபோச்சு. சிவப்பு மைப் பேனையை எடுத்து, ராசமணியின்ர பேருக்கு மேலால ஒரு கோடு இழுத்தார்.

"எண்ணத் தெரியாத பிள்ளை. நக்கலடிக்கத் தெரிஞ்ச மாமன். அடுத்த ஆள் வாங்கோ."

வெளியில வந்து சைக்கிளை எடுக்கேக்க அவள் கேட்டாள். "நான் வடிவாத்தானே எண்ணினனான் மாமா?"

எதுக்கும் ஒரு பகிடி விடுற ஆள் நான். அண்டைக்கு அவளைத் தூக்கி முன்பாரில வைச்சு மிதிச்சன்.

ஏன் ஒம்பது

கரையில இருக்கிற சனத்துக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பட்டணத்து ஆக்களுக்காகச் சொல்லுறன்.

எங்கட உப்புவெளிக் கரையில கரைவலை இழுத்தால், மடியைத் திறந்து கையில வாற முதல் மீன் அம்மனுக்கு. சூடையோ பாரையோ, சின்னனோ பெரிசோ, அது கணக்கில இல்லை. அதை மணலில தனிய வைச்சுப்போட்டுத்தான் மற்ற மீனை எண்ணுவினம். அதையும் சேத்து எண்ணினவனுக்கு நல்ல ஏச்சு விழும். சின்னப் பிள்ளை எண்டால் குட்டும் விழும்.

ராசமணி நடக்கப் பழகின நாள் தொடக்கம் அந்த மணலில நிண்டவள். எண்ணுறது எண்டால் முதல் ஒண்டை அம்மனுக்கு எடுத்து வைக்கிறது, பிறகு மிச்சத்தை எண்ணுறது. அவளுக்குத் தெரிஞ்ச எண்ணுகை அதுதான். அந்தச் சட்டத்தை மனசில வைச்சுக்கொண்டு, புது இடத்தில, முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால, பிழையில்லாமல் செய்து காட்டினவள். அதுக்குத்தான் அந்தச் சிவப்புக் கோடு.

எனக்கு அண்டைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகேல்லை. போக விடவும் மாட்டன்.

படலையைத் திறக்காத

உலக யுத்தத்தில துறைமுகத்தில குண்டு விழுந்ததுக்குப் பிறகு, ஓடிப்போன சனம் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்த காலம் அது. பள்ளிக்கூடத்தை ஒரு நீட்டு அறையில திரும்பத் துவங்கினவை. அரைவாசிக்கு ஓடு இல்லை. ஒரேயொரு வாத்தியார். அரிவரி எண்ட ஆரம்ப வகுப்புக்கு ஐஞ்சு வயசு முடிய வேணும். ஆனால் தாயும் துறைமுக வேலைக்குப் போற வீடு எண்டால், வயசு காணாத பிள்ளையையும் எடுப்பம், கெட்டிக்காரப் பிள்ளையா இருக்க வேணும் எண்டு சொல்லியிருந்தவை. அந்தக் கெட்டித்தனத்தைப் பாக்கிறதுக்குத்தான் புளியங்கொட்டை.

அத்தான் கப்பலொண்டில சமையல்காரனாப் போனவர். எந்தக் கடலில நிக்கிறார் எண்டு அக்காவுக்கே தெரியாது. அக்கா மண்மூட்டைக்குச் சாக்குத் தைக்கிற கொட்டிலில வேலை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு உள்ள போக ஏலாது. பள்ளிக்கூடம் எடுக்காட்டி ராசமணி இறக்கக்கண்டிக்குப் போக வேணும், அத்தானின்ர தமக்கை வீட்டை. பஸ் ஓடுறதே அருமை. மாசத்துக்கு ஒருக்கா பிள்ளையின்ர முகத்தைப் பாத்தால் பெரிய காரியம்.

வீட்டை வரேக்க அக்கா குசினியில தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"என்னடா சொன்னவர்?"

"பேரை வெட்டிப்போட்டார்."

"ஏன்?" என்னை மேலும் கீழும் பாத்தா. "நீ என்ன சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"மாமா சொன்னவர்," எண்டாள் ராசமணி. "வாத்தியாருக்குப் பங்கு எண்டு சொன்னவர்."

அக்காவின்ர கை நிண்டுபோச்சு. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை மச்சாள் வாறா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக. உன்ர வாயால போனதை உன்ர வாயாலயே எடுத்துத் தா. இல்லாட்டி இந்த வீட்டுப் படலையைத் திறக்காத."

அண்டைக்குத் திங்கக்கிழமை.

குழிக்குள்ள ஒரு விளையாட்டு

வாத்தியார் அவளை மந்தம் எண்டு நினைச்சார். அவள் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு நான் சொல்லுறன், கேளுங்கோ.

அந்த நாளையில குண்டுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு குழி வெட்டியிருந்தது. பகலில சங்கு ஊதினால் ஓடிப்போய் அதுக்குள்ள குந்தியிருக்க வேணும். முக்காவாசி நாள் ஒண்டும் வராது. மண் மணமும் பக்கத்து வீட்டுக் கோழியின்ர மணமுந்தான். அந்தக் கோழிகளையும் சனம் கொண்டு வரும். பிள்ளையளை அதுக்குள்ள அடக்கி வைச்சிருக்கிறது லேசான வேலையில்லை.

அதுக்கு நான் ஒரு விளையாட்டுக் கண்டுபிடிச்சன். நான் "தலை" எண்டால் ராசமணி காலைத் தொட வேணும். "கால்" எண்டால் தலையைத் தொட வேணும். நான் சொல்லுறதைச் செய்தால் தோல்வி. எதிர்மாறாச் செய்தால்தான் வெற்றி.

முதல் நாள் எல்லாம் பிழை. தலை எண்டால் கை தலைக்குத்தான் போகும். எனக்கு நல்ல சந்தோசம், குழிக்குள்ள இருந்து குழந்தைப்பிள்ளையைப் பேய்க்காட்டுறதை விட எனக்கு வேற என்ன வேலை. நாலாம் நாள் பாத்தன், கை அரைவாசி மேல போய் நிக்குது. அவள் தானே அந்தக் கையை நிப்பாட்டுறாள். முகத்தைச் சுருக்கி, உதட்டைக் கடிச்சு, பிறகு மெல்லக் காலுக்குக் கொண்டுபோறாள். ரெண்டு கிழமையில ஒரு பிழையும் விடுறேல்லை.

நான் விடுவனே? சட்டத்தை மாத்தினன். "இனித் தலை எண்டால் தலைதான். தோள் எண்டால் முழங்கால்." அதையும் பிடிச்சுக்கொண்டாள். பக்கத்து வீட்டு மேசன் பேரின்பம் அண்ணை, வாட்டசாட்டமான மனிசன், இதில ஒருநாளும் வெண்டதில்லை. ஒருக்கா முழங்காலைத் தொடப் போய் மடியிலிருந்த சேவலின்ர கழுத்தைப் பிடிச்சுப்போட்டார்.

"உன்ர மருமகளுக்கு மூளை இல்லை, பிசாசு இருக்குது," எண்டு என்னைத்தான் ஏசினார்.

அந்த மாதங்களில இன்னொண்டும் கண்டன். சாப்பாட்டுக்குக் கோப்பை எடுத்து வைக்கிறது அவளின்ர வேலை. ஐஞ்சு பேர் எண்டால் ஐஞ்சு. ஆரும் வந்திட்டால் ஒண்டு கூட்டி வைப்பாள், அக்கா விரதம் எண்டால் ஒண்டைக் குறைப்பாள். "ஒண்டு, ரெண்டு" எண்டு வாயால சொல்லி நான் கேட்டதில்லை. பலாக்கொட்டை பங்கு வைக்கச் சொன்னால், ஆளுக்கொண்டாச் சுத்தி வைச்சுக்கொண்டு போய், கடைசிச் சுத்துக்கு முன்னமே சொல்லிப்போடுவாள், "ஒராளுக்குக் காணாது."

விளையாட்டால இது வந்ததோ, இது இருந்ததால விளையாட்டு வந்ததோ, எனக்குத் தெரியாது. நான் ஐஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் ரெண்டும் ஒரே இடத்திலயிருந்து வாற சாமான் எண்டு கண் இருக்கிறவனுக்குத் தெரியும். அவதிப்படுற கையை நிப்பாட்டத் தெரிய வேணும். சொன்ன சட்டத்தை மறவாமல் வைச்சிருக்க வேணும், சட்டம் மாறினால் பழசை விடவும் வேணும். இது இல்லாத பிள்ளை நூறு வரைக்கும் கத்தினாலும் அது வெறும் சத்தம்.

நாப்பத்தேழு மண்வெட்டி

வெறும் சத்தம் எண்டு சொன்னால் நம்பமாட்டியள். என்னையே எடுங்கோ.

நான் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லுவன். அதுக்காக ஒரு வாத்தியாற்ற பிரம்பு ரெண்டு முறிஞ்சது. சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கிப் பக்கம் மண் வெட்டுற வேலைக்குப் போன முதல் நாள், கங்காணி என்னைப் பாத்து, "படிச்ச பொடியன் போல கிடக்கு, இந்த நாப்பத்தேழு மண்வெட்டியையும் ஆறு கூட்டத்துக்கும் சமனாப் பிரிச்சுக் குடு," எண்டார்.

நான் குவியலுக்கு முன்னால நிண்டன். வேர்த்தது. "ஆறேழு நாப்பத்திரண்டு" எண்டு நித்திரையிலயும் சொல்லுவன். ஆனால் அந்த ஆறேழு இந்தக் குவியலுக்குள்ளதான் கிடக்குது எண்டு எனக்கு ஓடவேயில்லை.

பொன்னம்மாக்கா எண்டு மண் சுமக்கிற மனிசி ஒராள். என்னைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொண்டாப் போட்டுக்கொண்டு சுத்தி வந்தா. ஏழு சுத்து. ஐஞ்சு மிஞ்சினது. மிஞ்சினதைக் கொட்டிலுக்குள்ள எறிஞ்சா. "படிச்ச பொடியன் வழியை விட்டு நில்லடா," எண்டா.

அவ பள்ளிக்கூடம் மிதிக்காத ஆள். என்னில முறிஞ்ச பிரம்பு ரெண்டும் ஏன் முறிஞ்சது எண்டு அப்ப யோசிச்சனான். இப்பவும் யோசிக்கிறன். யோசிச்சால் கோவந்தான் வருது.

வியாழக்கிழமை

ரெண்டு நாளா நான் பள்ளிக்கூடப் பக்கம் போகேல்லை. வேலை எண்டு அக்காவுக்குச் சொன்னன். உண்மையில பயம். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது.

வியாழக்கிழமை விடிய அக்கா ராசமணியின்ர சட்டை ரெண்டை ஒரு துணியில மடிச்சு வைக்கிறதைக் கண்டன். பிள்ளையைத் தூக்கிச் சைக்கிள் பாரில வைச்சன்.

"பத்து எண்டு சொல்லப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போ," எண்டு அக்கா பின்னால நிண்டு சொன்னா.

நான் பழக்கேல்லை. பத்து எண்டு பழக்கினால் அவர் எட்டுக் கொட்டை வைப்பார். பிறகு?

வாத்தியார் தனிய இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்ட உடன கண்ணாடியைக் கழட்டினார்.

"நீர் ஏன் வந்தனீர்?"

"அண்டைக்குச் சொன்னது பிழை வாத்தியார். மன்னிக்க வேணும்." பிறகு முதல் மீன் கதையைச் சொன்னன், ஒரு பகிடியும் இல்லாமல்.

அவர் கேட்டார். கேட்டுப்போட்டுச் சொன்னார், "அம்மனுக்குக் குடுத்தாலும் பத்து பத்துத்தான். கணக்கில அம்மன் இல்லை."

"எங்கட கரையில இருக்கிறா. பத்தில ஒண்டு போனால் ஒம்பது. அதை நீங்கள் எத்தினையாம் வகுப்பில படிப்பிக்கிறனீங்கள்?"

"நீர் என்னோட வாதாட வந்தனீரோ, மன்னிப்புக் கேக்க வந்தனீரோ?"

"ரெண்டுக்குந்தான்."

எழும்பிப் போகச் சொல்லப் போறார் எண்டு நினைச்சன். வாத்தியார் என்னைப் பாக்கிறதை விட்டுப்போட்டுப் பிள்ளையைப் பாத்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பாத்துக்கொண்டு நிண்டாள். அவர் பேணியை எடுத்து, எட்டுக் கொட்டையை மேசையில வைச்சார்.

"எத்தினை?"

ராசமணியின்ர கை முதலாவது கொட்டைக்குப் போச்சு. அரைவாசி வழியில நிண்டுது. உதட்டைக் கடிச்சாள். கையைப் பின்னுக்கு இழுத்து, அவரை நிமிந்து பாத்துக் கேட்டாள்.

"அம்மனுக்கு எடுத்துப்போட்டோ, எடுக்காமலோ?"

வாத்தியார் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு, "எடுக்காமல்," எண்டார்.

விரலால தொட்டுக்கொண்டு போனாள். "எட்டு."

"எடுத்தால்?"

"ஏழு." கொட்டையைத் திரும்பத் தொடக்கூட இல்லை.

அவர் இன்னும் ரெண்டைப் போட்டார். "இப்ப எடுத்தால்?"

"ஒம்பது. அண்டைக்கும் ஒம்பதுதான் சொன்னனான்."

நான் சிரிக்கேல்லை. கன்னத்தை உள்ளால கடிச்சுக்கொண்டு நிண்டன். வாத்தியார் பதிவுப் புத்தகத்தை விரிச்சு, அடியில அவளின்ர பேரைப் புதுசா எழுதினார். திங்கக்கிழமை சிலேட்டோட வரச் சொன்னார். பிழை தன்னில எண்டு ஒரு சொல் வரேல்லை. கெட்டிக்காரி எண்டும் சொல்லேல்லை. மையை ஒத்தியெடுத்தார், அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேணும். அந்தப் பக்கத்தை எதிர்ப்பக்கம் நிண்டு தலைகீழா வாசிச்சன். சிவப்புக் கோடு நாலு. ஒண்டு எங்கட பிள்ளைக்கு விழுந்தது.

"மற்ற மூண்டு பேரும்?" எண்டு கேட்டன்.

"அவையள் திரும்பி வரேல்லையே."

"வந்தால்?"

"வரேல்லைத்தானே." புத்தகத்தை மூடினார்.

நாலரை வயசுப் பிள்ளைக்கு எப்பிடித் திரும்பி வாறது? கூட்டிக்கொண்டு வர ஒரு வாய்க்காரன் வேணும். வாய்க்காரன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கோடு கோடாவே கிடக்கும். பள்ளிக்கூட வாசலில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட எனக்கு, திங்கக்கிழமை வந்த கோவத்தை விடப் பெரிய கோவம் வந்தது. வீட்டுக்குப் போய், மடிச்ச சட்டை ரெண்டையும் அக்கா திரும்ப விரிச்சுப் போடுறதைப் பாத்தும் அது அடங்கேல்லை.

சல்லியில ஒரு தகப்பன்

அந்த மூண்டு பேரில ஒண்டை எனக்குத் தெரியும். தவராசா, சல்லிக் கரையில இருக்கிற வேலுப்பிள்ளை அண்ணையின்ர மகன். ஞாயிற்றுக்கிழமை போனன்.

தகப்பனும் மகனும் மணலில இருந்து வலைக் கயிறு கோத்துக்கொண்டிருந்தினம். மேல் கயிறுக்கு மிதப்புக் கட்டை, கீழ்க் கயிறுக்கு ஓட்டை போட்ட கல்லு. பொடியன் கட்டையையும் கல்லையும் தகப்பனுக்குக் கோக்கிறதுக்கு முறையா அடுக்கி வைக்கிறான்.

"பொடியனை ஏன் அண்ணை திரும்பக் கூட்டிக்கொண்டு போகேல்லை?" எண்டன்.

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"உவனுக்கு மண்டையில ஒண்டும் இல்லையாம். இருபது வரைக்கும் சொல்லச் சொன்னவர். பன்னிரண்டில நிண்டிட்டான். பிறகு வாயே திறக்கேல்லை. வாத்தியார் சொன்னால் சரியாத்தானே இருக்கும்." கோவமா இல்லை, மழை பெய்யாது எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார். "எனக்கும் படிப்பு ஏறேல்லை. அந்த வழிதான்."

நான் பொடியனைப் பாத்தன். ரெண்டு கட்டைக்கு ஒரு கல்லு. ரெண்டு கட்டைக்கு ஒரு கல்லு. அவ்வளவு தூரத்துக்கு மணலில அடுக்கியிருந்தான். வேலுப்பிள்ளை அண்ணை என்னோட கதைச்சுக்கொண்டு பாராமல் கையை நீட்டிக் கல்லை எடுக்கப் போனார். பொடியன் ஒண்டும் சொல்லாமல் அந்தக் கையைத் தள்ளி, கட்டை ஒண்டைக் குடுத்தான். அந்த இடத்தில இன்னொரு கட்டைதான் வரவேணும்.

"அண்ணை, இப்ப உங்கட கணக்கைத் திருத்தினது ஆர்?"

"என்ன கணக்கு?" எண்டார் அவர்.

பேசிப் பாத்தன். கெஞ்சிப் பாத்தன். கடைசியா, "கூட்டிக்கொண்டு போறதெண்டால் போ. அழுதுகொண்டு வந்தால் நீதான் பொறுப்பு," எண்டார். தவராசா என்னை நம்பாத கண்ணால பாத்தான். அவன் பாத்ததில பிழையில்லை.

திங்கக்கிழமை ராசமணியை முன்பாரில வைச்சன், தவராசாவைப் பின் கரியரில வைச்சன். ஒருத்தி வழி முழுக்கக் கதை. மற்றவன் மூச்சும் விடேல்லை. வாசலில எங்களைக் கண்ட வாத்தியாற்ற முகம் கறுத்தது.

"இதென்ன, உமக்கு வேற வேலை இல்லையோ?"

"நாலு பேரை வெட்டினனீங்கள், வாத்தியார். இது ரெண்டாவது."

வாத்தியார் பொடியனைப் பாத்துக் குனிஞ்சார். குரலைக் கொஞ்சம் மெதுவாக்கினார், அதை நான் மறைக்கேல்லை.

"தம்பி, எத்தினை வரைக்கும் சொல்லுவாய்?"

தவராசா நான் கட்டியிருந்த சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தான்.

"அதைக் கேக்காதேங்கோ," எண்டன். "அவன்ர கையில ஏதாவது குடுங்கோ."

வாத்தியார் அந்தத் தகரப் பேணியை எடுத்துத் தவராசாவின்ர கையில வைச்சார்.